மஞ்சள் நீர் குடித்தவன்

மூன்று வயதில் தேவகோட்டையிலிருந்து என்னைப்
பள்ளத்தூர் வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள்.
மஞ்சள் நீர் குடித்தேனாம்.
குடித்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று ஒரு கட்சி,
துப்பிவிட்டான் என்று ஒரு கட்சி.
பத்திரத்தில் துப்பலைப் பற்றி ஒன்றுமில்லை.
பிறந்த வீட்டில் இனி எனக்குப்
பங்கு இல்லை, பாத்தியதை இல்லை.
இரண்டு பக்கமும் கையெழுத்து.

போன மார்கழியில்
பல் துலக்கிக்கொண்டிருந்த வயிரவன் அண்ணன்
வாயைக் கொப்பளிக்கவில்லை.
நாற்பத்து மூன்று.
பீடி தெரியாது, பிராந்தி தெரியாது.
கறியை விட்டுப் பதினோரு வருடம்.
ஆளைவிட வேட்டி கனம்.
பங்காளிக்குள்ள துக்கம் எனக்கில்லை என்று
கூட்டத்தில் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தார்கள்.
நின்றேன்.

பிறகு தேனம்மை போன் செய்தாள்:
"டாக்டரம்மா கூடப் பிறந்தவர்களைக் கேட்கிறார்."
நான்தான் கணக்கில் இல்லையே என்றேன்.
"அவர் கணக்கில் இருக்கிறீர்கள். நாளைக்கு வாங்க."

காரைக்குடி, செக்காலை ரோடு.
அந்தம்மா என்னிடம் பத்திரம் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றச் சொல்லி
குதிகாலுக்கு மேல் நரம்பைக் கிள்ளிப் பார்த்தார்.
"இந்தத் தடிப்பு எத்தனை வருஷமா?"
செருப்புக் கடி என்றிருந்தேன்.
இமை ஓரத்து மஞ்சள் பொட்டைக் காட்டி
"இது?"
அதிர்ஷ்டம் என்றிருந்தாள் என் மனைவி.

எல்.டி.எல். இருநூற்று எண்பத்தொன்று.

ஈரலின் வாசலில் கொழுப்பை உள்ளே வாங்கிப் போட
ஆட்கள் உண்டாம்.
எங்கள் வம்சத்தில் பாதிப்பேர்
பிறந்ததிலிருந்தே வேலைக்கு வரவில்லை.
"உப்புக்கறியை விட்டுவிடட்டுமா?"
"விட்டால் நல்லதுதான். ஆனால்
இது உங்கள் இலையிலிருந்து வந்ததில்லை."

நான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவு.
எனக்கு வேறு மாதிரி விளங்கியது.
பிறந்த அன்றே தொடங்கிய வட்டி,
வட்டிக்கு வட்டி,
நோட்டீசே அனுப்பாமல்
ஒருநாள் நேரே ஜப்தி.

என்னைக் கூட்டிக்கொண்ட அப்பச்சி
தொண்ணூற்றொரு வயது வரை
சோற்றில் குழி பறித்து நெய் விட்டவர்.
இரட்டைக்கட்டு வீட்டை எழுதி வைத்தார்,
ஊருணிக்கரைத் தோப்பை எழுதி வைத்தார்.
அந்த ரத்தக் குழாய்களை மட்டும்
அவரால் எழுதி வைக்க முடியவில்லை.

தேனம்மை ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.
அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது.
பாதியில் நின்ற மாத்திரை அட்டைகள்,
ஒரு பழைய சீட்டு,
அதன் ஓரத்தில் அவன் கையெழுத்தில்:
குறைந்துவிட்டது.
குறைத்தது மாத்திரை என்று
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை,
அல்லது சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கும் பார்த்தோம்.
பூவா தலையா, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக.
என் மகள் உமையாளுக்கு இல்லை.
அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது
சந்தோஷம் கூச்சமாக இருந்தது.
பக்கத்து நாற்காலியில் அண்ணன் மகன்,
பதினான்கு வயது, சாத்தப்பன்.
அவன் தாளை அவனே படித்தான்.
ஒன்றும் பேசவில்லை.
குனிந்து தன் குதிகாலைத் தடவினான்.
பிறகு என்னுடையதைப் பார்த்தான்.
"உங்களுக்கு ரொம்பப் பெரிசு சித்தப்பா."

சித்தப்பா.
அந்த வாய் அதுவரை என்னை
பள்ளத்தூர்க்காரர் என்றுதான் சொல்லும்.

எனக்கு இரண்டு மாத்திரை, அவனுக்கு ஒன்று.
ஆறு மாதத்தில் எனக்கு நூற்றுப் பதினெட்டு,
இன்னும் இறங்க வேண்டுமாம்.
இறங்காவிட்டால் பதினைந்து நாளுக்கொரு ஊசி,
விலையைக் கேட்டுத் தோப்பை நினைத்துக்கொண்டேன்.
முதலில் தொடை வலித்தது.
நிறுத்தாமல் போய்ச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்.

இரவு ஒன்பதுக்குத்
தேவகோட்டையிலிருந்து ஒரு மிஸ்டு கால்.
போட்டாச்சு என்று அர்த்தம்.
நானும் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பேன்.
நேற்று ஒன்பதே கால் ஆகியும் வரவில்லை.
ஒன்பதரைக்கு நானே கூப்பிட்டேன்.
"டியூஷன் சித்தப்பா" என்றான்,
வாய் நிறையத் தண்ணீரோடு.
விழுங்கும் சத்தம் கேட்கும்வரை
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.